கிள்ளிப் போட்ட துரும்பு

தனக்கோடியிடம் யாராவது எதையாவது கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து விழும். வஞ்சிரம் என்ன விலை என்றால் விலை. "உன் வூட்டுக்காரரு எப்ப வர்றாரு?" என்றால், "உன் வூட்டுக்காரன் ஒழுங்கா வூடு வந்து சேர்றானான்னு நீ பாத்துக்க" என்று ஒரு வெட்டு. அப்பேர்ப்பட்ட வாய்க்காரிதான், மெட்ராஸில் விசா ஆபீசில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு வழக்கம்போலச் சட்டென்று பதில் சொல்லி, தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்புக்கு கோபாலகிருஷ்ணன் என்று ஒரு தமிழர். புருஷன் பெயர், ஊர், கல்யாணம் நடந்த இடம் எல்லாம் கேட்டாயிற்று. தனக்கோடியின் புருஷன் பன்னீர்செல்வம் இங்கிலாந்தில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். அவர் விமானம் ஏறும்போது அவள் வயிற்றில் இருந்த ஞானம்பாள், இப்போது அவள் மடியில் உட்கார்ந்து, மேசை மேலிருந்த மணியை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று எக்கிக்கொண்டிருந்தாள். அப்பன் முகத்தை அந்தக் குழந்தை போட்டோவில்தான் பார்த்திருக்கிறது. அதற்கு முத்தம் கொடுத்துக் கொடுத்து போட்டோவே ஊறிப்போயிருந்தது.

"அம்மா, உங்களுக்கு இதுக்கு முன்னாடி வேற யாரோடயாவது கல்யாணம் ஆகியிருக்கான்னு கேக்கறார்."

"இல்லீங்க."

கோபாலகிருஷ்ணன் பேனாவைக் கீழே வைத்தார். அதிகாரி ஏதோ மெதுவாகச் சொன்னார். கோபாலகிருஷ்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் அங்கே கொடுத்த வாக்குமூலத்துல, உங்களுக்கு முதல்ல உங்க ஊர்லயே தாண்டவராயன்னு ஒருத்தரோட கல்யாணம் ஆகி, பிறகு விலகிட்டதா சொல்லியிருக்கார். உங்க ரெண்டு பேர்ல யார் பொய் சொல்றீங்கன்னு கேக்கறார்."

தனக்கோடிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் வாழ்நாளில் அது நடந்தது அப்போதுதான்.

அவள் பொய்தான் சொன்னாளா? அதை அவளிடம் கேட்டால் அடிக்க வருவாள். கடப்பாக்கத்துக்கு வடக்கே, கடலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் பெண்சாதிக்குள் ஒத்துவரவில்லை என்றால் கோர்ட்டு கச்சேரி என்று யாரும் அலைவதில்லை. மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடும். ஊர்த் தலைவரான நாட்டார் ஒரு துரும்பை எடுத்து நீட்டுவார். இந்த முனையை அவன் பிடிக்க, அந்த முனையை அவள் பிடிக்க, கிள்ளி இரண்டாக்கிக் கடலில் வீசிவிடுவார்கள். அதோடு தீர்ந்தது. தீர்ந்தது என்றால், அப்படி ஒரு கல்யாணம் நடக்கவே இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசுகிற வீட்டின் கட்டுமரம் அடுத்த அமாவாசை வரை கடலில் இறங்கக் கூடாது. பேசியது பொம்பிளை என்றால் கரையில் ஏலம் எடுக்க அவளுக்கு மீன் கிடையாது.

கொடுமையான சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கரையில் பெண்கள் சண்டை போட்டால் ஏழு தலைமுறையைத் தோண்டி எடுத்து நாறடிப்பார்கள். மாமியாரின் களவு, கொழுந்தனின் குடி, ஒன்றும் பாக்கி இருக்காது. ஆனால் துரும்பு கிள்ளியவளைப் பார்த்து, "வாழாவெட்டி" என்று ஒரு நாக்கும் புரண்டதில்லை. தனக்கோடி அந்த நிழலில்தான் தலைநிமிர்ந்து நடந்தாள். அவள் தங்கை வேண்டாவும் அப்படித்தான். துரும்பு கிள்ளிய கையோடு முட்டுக்காட்டில் மறுபடி வாழ்க்கைப்பட்டு, மாமியார் மெச்சும் மருமகளாக இருக்கிறாள். அந்த மாமியாருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

தாண்டவராயன் கெட்டவன் இல்லை. பேசாதவன். இவள் பத்து வார்த்தை பேசினால் அவன் ஒரு இருமல் இருமுவான். பிள்ளை இல்லை என்று அவன் அம்மா புலம்ப, அதற்கு இவள் பதில் சொல்ல, அவன் நடுவில் இருமிக்கொண்டே இருந்தான். கடைசியில் துரும்பு வந்தது. அதற்குப் பிறகு அவன் இவளை ஏறிட்டுப் பார்த்ததில்லை. ஒருநாள் கரையில் கூடை சரிந்து மீனெல்லாம் மணலில் கொட்டியபோது, எதிரில் வந்தவன் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே தாண்டிப் போனான். தனக்கோடிக்கு அன்று அழுகை முட்டியது. அப்புறம்தான் புரிந்தது. குனிந்து ஒரு மீனை எடுத்துக் கொடுத்திருந்தால் பார்த்தவர்களுக்குப் பழசு ஞாபகம் வந்திருக்கும். அவன் தாண்டிப் போனது அவளுக்குக் கொடுத்த மரியாதை.

பிறகு கல்பாக்கத்தில் அணுமின் நிலைய வேலை தொடங்கியது. எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து குவிந்தார்கள். தனக்கோடி கூடையைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸ் பக்கம் போனாள். அங்கே கும்பகோணத்துப் பையன் ஒருவன், நெத்திலியை வாங்கி, அதை ஆய வேண்டும் என்றுகூடத் தெரியாமல் அப்படியே குழம்பில் போட்டுவிட்டு, மறுநாள் வந்து, "ஏங்க, மண்ணா இருக்குங்க" என்றான். அவன்தான் பன்னீர்செல்வம். அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரன். பஸ்சில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்தால் இறங்கிப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வரும் ஜாதி.

அவனிடம் மட்டும் தனக்கோடி துரும்பு விஷயத்தைச் சொன்னாள். ஊர் எல்லையைத் தாண்டிச் சொன்னால் குற்றம் இல்லை என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, சதுரங்கப்பட்டினம் கோட்டை ஓரம் நின்று சொன்னாள். "சொல்லிட்ட இல்ல, போதும்" என்று அவன் சிரித்தான். கல்யாணத்தைச் செங்கல்பட்டில் ரிஜிஸ்டர் செய்தார்கள். நீலமேக நாட்டாரே ஜிப்பா போட்டுக்கொண்டு வந்து, "எங்க ஊரு பொண்ணு, இதான் மொத கல்யாணம்" என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டார். நாட்டார் வாயில் அது பொய்யே இல்லை.

இப்போது அந்தக் கையெழுத்து, பன்னீர்செல்வத்தின் வாக்குமூலம், அவள் சற்று முன் சொன்ன "இல்லீங்க", மூன்றும் அந்த மேசை மேல் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கிடந்தன.

"உள்ளதைச் சொல்லிடுங்கம்மா" என்றார் கோபாலகிருஷ்ணன், தணிந்த குரலில்.

சொன்னாள். துரும்பு, கோயில், கடல் எல்லாம் சொன்னாள். அதிகாரி சிரிக்கவில்லை. நல்ல மனுஷன் போலத்தான் இருந்தது. வழக்கப்படி விலகினாலும் அது செல்லும், ஆனால் அதற்குச் சாட்சி வேண்டும் என்றார். துரும்பை நீட்டிய நாட்டாராவது வர வேண்டும், கிள்ளியவனாவது வர வேண்டும். வந்து, கல்யாணம் நடந்தது உண்மை, இன்ன விதமாக முடிந்தது உண்மை என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் முதல் கல்யாணம் இன்னும் அப்படியே நிற்கிறது என்று ஆகும். இரண்டாவது கல்யாணம் கல்யாணமே இல்லை, குழந்தைக்கு அப்பன் பெயரும் இல்லை. முதல் கல்யாணமே நடக்கவில்லை என்றால் புருஷன் பொய்யன். எப்படிப் பார்த்தாலும் விசா கிடையாது.

அடுத்த மாதம் சாட்சியோடு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

அவள் ஊர் திரும்பியபோது, நாட்டார் கரையில் வலை இறங்கியதைப் பார்த்துவிட்டு ஈரக் காலோடு வந்துகொண்டிருந்தார். தனக்கோடி வழியை மறித்துக்கொண்டாள்.

"நாட்டாரே, உங்ககிட்ட ஒரு பேச்சு. எனக்கும் வடக்குத் தெரு தாண்டவராயனுக்கும்..."

"உனக்கும் அவனுக்கும் இன்னா? கடன் கிடன் எதுனா கீதா?"

"அய்யோ, வெள்ளாடாதீங்க நாட்டாரே. நீங்கதானே துரும்பு நீட்டினீங்க."

"நீ பேசறது எனக்கு ஒண்ணும் கேக்கல. காத்து தூக்கினு பூடுச்சு" என்று கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

தனக்கோடி அங்கேயே மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் போகாமல் நின்றார். கேட்காதவர் மாதிரி கடைசிவரை கேட்டார். பிறகு, எந்த ஊரிலோ நடந்த கதையைச் சொல்வது போலச் சொன்னார்:

"ஒரு ஊருல ஒரு நாட்டார் அப்படிப் போயி வாயத் தொறந்தான்னு வெச்சுக்க. மக்யா நாளு ஊருல ஒவ்வொரு வாயும் தொறக்கும். நாட்டாரே பேசறான், நாம பேசினா இன்னான்னு கேக்கும். அந்த ஊருல தலைகுனியாம வாழுற பொண்ணுங்க எத்தினி கீது தெரியுமா? உன் தங்கச்சி வேண்டா முட்டுக்காட்டுல நல்லா கீறாளாம்மா?"

வேண்டாவின் மாமியார் நல்லவள்தான். ஆனால் காதில் விழுந்தால் அந்த நல்லதனம் எத்தனை நாழிகை தாங்கும்?

"அப்ப என் பொண்ணுக்கு அப்பன்?" என்றாள்.

நாட்டார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "லீவுல வருவாரு இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள். அதனால் என்ன பிரயோஜனம்?

பாக்கி இருந்தது தாண்டவராயன். பூவரச மரத்தடியில் வலையைப் போட்டுக்கொண்டு கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் முன்னால் போய் நின்றபோது, அவனை என்னவென்று கூப்பிடுவது என்றே தனக்கோடிக்குத் தெரியவில்லை. 'மச்சான்' என்று கூப்பிட்ட வாய். அது துரும்போடு போனது.

"இந்தாங்க... மெட்ராசுக்கு ஒரு நாளு என்கூட வரணும். ஆபீசுல எனக்கு சாட்சி சொல்லணும். அங்க கேப்பாங்க, எனக்கும் உங்களுக்கும்..."

அவன் சட்டென்று கையைத் தூக்கினான். முகம் பதறிப்போயிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தான்.

"வாயத் தொறக்காத. மீன் குடுக்க மாட்டானுங்க உனக்கு. புரிஞ்சுது. நான் வரேன்."

"நீங்க இன்னா சொல்லணும்னா..."

"புரிஞ்சுதுன்றேன் இல்ல. போ."

அவளோடு குடித்தனம் செய்த காலத்தில்கூட அவன் அவ்வளவு பேசியதில்லை. தனக்கோடி வீட்டுக்கு ஓடிவந்து, ஞானத்தைத் தூக்கிச் சுற்றி, "உங்கப்பனைப் பாக்கப் போறோம்டி" என்று அழுதுகொண்டே சிரித்தாள். இருந்தாலும் மனசுக்குள் ஒரு முள் இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று அவனிடம் தெளிவாக ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். ஊர் எல்லை தாண்டியதும், ரயிலில் வைத்துச் சொல்லிவிடலாம் என்று இருந்தாள்.

ஆனால் விடியற்காலை பஸ்சுக்கு வந்தபோது, தாண்டவராயனுக்குப் பக்கத்தில் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு லோகநாயகி நின்றாள். அவனுடைய பெண்சாதி. பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து வந்தவள். அவளுக்குப் பழைய கதை எதுவும் தெரியாது, ஊர் சொல்லவில்லை.

"அக்கா, நானும் மெட்ராசைப் பாத்ததே இல்லக்கா. ஊருக்காரப் பொண்ணுக்கு சாட்சி சொல்லப் போறேன்னு இது சொல்லிச்சா, என்னையும் இட்டுனு போன்னு ஒரே புடியா புடிச்சுட்டேன்."

செங்கல்பட்டில் இறங்கிப் பாசஞ்சர் ரயில் ஏறினார்கள். தாண்டவராயன் கதவோரம் ஆம்பிளைகளோடு நின்றுகொண்டான். லோகநாயகி தனக்கோடிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். ஞானத்தைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள், முறுக்கை உடைத்து ஊட்டினாள், கொளவாய் ஏரியைக் காட்டி, "கடலு பாரு, குட்டிக் கடலு" என்றாள். தனக்கோடி ஒரு தடவை எழுந்தாள். "எங்கக்கா? தண்ணியா? இரு, அதை எடுத்துனு வரச் சொல்றேன்" என்று லோகநாயகி தன் புருஷனைக் கூப்பிட்டாள். தனக்கோடி உட்கார்ந்துவிட்டாள். லோகநாயகி சண்டைக்காரியாக இருந்திருந்தால் இவள் தள்ளிவிட்டுப் போயிருப்பாள். இவ்வளவு பிரியமாக இருக்கிறவளை எப்படித் தள்ளுவது? தாம்பரம் போயிற்று, கிண்டி போயிற்று, அந்தப் பேச்சு அவள் தொண்டையிலேயே நின்றது.

ஆபீசில் குழந்தையோடு லோகநாயகியை வெளியே உட்கார வைத்துவிட்டு, இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். அவனும் அவளும் ஒரே அறையில் அடுத்தடுத்து உட்கார்ந்தது துரும்பு கிள்ளிய பிறகு அதுதான் முதல் தடவை. தனக்கோடிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இங்கே ஊர் இல்லை, நாட்டார் இல்லை, லோகநாயகியும் இல்லை. கேள்வியை இவர்களே கேட்கப்போகிறார்கள், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இந்த அம்மாவைத் தெரியுமா?"

"எங்க ஊரு பொண்ணுங்க."

"இவங்க முன்னாடி உங்க மனைவியா இருந்தாங்களா?"

தாண்டவராயன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்த ஒரு கேள்விக்காகவே வீட்டிலிருந்து கிளம்பி வந்தவன் போல இருந்தான்.

"இல்லீங்க. இவங்களுக்கு ஒரே கல்யாணம்தான். வெல்டரோட. மாரியம்மா மேல சத்தியம்."

கோபாலகிருஷ்ணன் உடனே அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கல்யாணம் ஆச்சுன்னு இவங்களே ஒத்துக்கிட்டிருக்காங்க. ஆமாம்னு சொன்னா இவங்களுக்கு நல்லதுதான்."

"எத்தினி தபா கேட்டாலும் அதான் சார். யாரோ அந்தப் பொண்ணைப் பத்தித் தப்பா சொல்லிக்கீறாங்க. எங்க ஊருல யாரைனா கேளுங்க, இதேதான் சொல்லுவாங்க."

"மச்சான்!" என்றாள் தனக்கோடி. அவளை அறியாமல் வந்துவிட்டது. "மச்சான், நீதானே எனக்குத் தாலி கட்டின! கோயிலு வாசல்ல நீ ஒரு முனை, நான் ஒரு முனை புடிக்கல? சொல்லு மச்சான். உனக்குப் புண்ணியமாப் போவும். சொன்னாத்தான் என் பொண்ணு அப்பனைப் பாக்கும். உன் காலுல வுழறேன்."

தாண்டவராயனுக்கு முகம் செத்துப்போயிற்று. அவளைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே, கோபாலகிருஷ்ணனிடம் சொன்னான்:

"இதையெல்லாம் எழுதிக்காதீங்க சார். வூட்டுக்காரரைப் பிரிஞ்சு கீது. அதான் மனசு சரியில்லாம இன்னாமோ பேசுது. நல்ல பொண்ணு சார்."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காகிதங்களை ஒன்றாகச் சேர்த்து மூடினார். கோபாலகிருஷ்ணன் அவர் சொன்னதைச் சொல்ல ரொம்பச் சங்கடப்பட்டார். முதலில் இல்லை என்றீர்கள், அப்புறம் ஆமாம் என்றீர்கள், நீங்கள் கூட்டிவந்த சாட்சியே இல்லை என்கிறார். இதில் எதை நம்புவது என்று கேட்கிறார், விசா தர முடியாது என்கிறார், உங்கள் வீட்டுக்காரர் பேரிலும் பொய் வாக்குமூலம் என்று எழுதப்போகிறார் என்றார். "உங்க சாட்சியே தன் வாயால இல்லைன்னு சொன்னப்புறம் நான் எப்படிம்மா மாத்திச் சொல்றது?" என்று தன் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

தனக்கோடி எழுந்தாள். படிக்கட்டில் பாதி இறங்கியதும் தாண்டவராயன் நின்றான். மேலும் கீழும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டான். இத்தனை வருஷம் கழித்து அவனாக அவளிடம் பேசினான்.

"இன்னா இப்படிப் பண்ணிட்ட? அந்த வெள்ளைக்காரன் முன்னாடி நீயே உன்னை வுட்டுக் குடுக்கறியே. நல்லவேளை, நான் கெட்டியா நின்னேன்."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் கள்ளம் என்று ஒரு துளி இல்லை. கூடை சரிந்த அன்று தலைகுனிந்து தாண்டிப்போன அதே முகம். அதில் காறித் துப்பலாம் என்று இருந்தது. அவன் காலில் விழலாம் என்றும் இருந்தது.

"பயப்படாத" என்றான். "உள்ள நீ பேசினதை ஊருல நான் சொல்ல மாட்டேன். உனக்கு மீன் நிக்காது."

வெளியே மரத்தடியில் லோகநாயகி ஞானத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தை தலையில் அவள் தன் பூவிலிருந்து ஒரு துண்டு கிள்ளி வைத்திருந்தாள். இவர்களைக் கண்டதும் ஓடிவந்தாள்.

"போன காரியம் காயா பழமா அக்கா? இது நல்லா பேசிச்சா? வாயே தொறக்காதே, அங்க இன்னா சொல்லிச்சோன்னு எனக்கு ஒரே பேஜாரு. இன்னா கேட்டாங்க?"

தாண்டவராயன் ஒரு இருமல் இருமினான்.

தனக்கோடி கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்கிறவளுக்குப் பதில் வர நேரம் பிடித்தது. லோகநாயகி அவள் வாயையே பார்த்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு காத்திருந்தாள்.

"ஊரு பேரு கேட்டாங்க" என்றாள் தனக்கோடி. "நல்லா சொன்னாரு."